மாட்டுங்காவில் ஒரு வாசகி

எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, தங்களுக்கென்று ஒரு நடை எப்படி வரும் என்பதைத்தான். நிறையப் படியுங்கள், நாள்தோறும் எழுதுங்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் சரியானதே. ஆனால் நிறையப் படித்தும் நாள் தவறாமல் எழுதியும், யாருடையதும் அல்லாத ஒரு பொதுமொழியிலேயே கடைசிவரை நின்றுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடை நமக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது, தோண்டினால் அகப்பட்டுவிடும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவருடைய முகம்தான் நம் குரலை அமைக்கிறது. பேச்சில் இது தானாகவே நடந்துவிடுகிறது. ரேஷன் கடையில் பேசும் குரலோடு யாரும் தாத்தாவின் கட்டிலருகே போய் உட்காருவதில்லை. எழுத உட்காரும்போது மட்டும் எதிரில் யாரும் இருப்பதில்லை என்பதால், 'வாசகர்கள்' என்றும் 'சமூகம்' என்றும் முகமில்லாத ஒரு கூட்டத்தை நாமாகவே அங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறோம். கூட்டத்தைப் பார்த்தால் மேடைக்குரல்தான் எழும்.

எனக்கு எதிரே இருப்பவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. கன்னடியன் கால்வாய்க்கரையில் பிறந்து வளர்ந்தவர். 1966-இல் திருமணமாகி மும்பையின் மாட்டுங்காவுக்குப் போனவர், அதன்பின் ஊருக்குக் கல்யாணத்துக்கும் துட்டிக்குமாக வந்து போனதோடு சரி. எட்டாம் வகுப்புவரை படித்தவர். தமிழில் எது கையில் கிடைத்தாலும், மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாளானாலும், ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தாமிரபரணியைப் பற்றியும் அதன் அணைக்கட்டுகள், கால்வாய்கள், கரையோர ஊர்களைப் பற்றியும் நான் எழுதும் கட்டுரைகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவருக்கு அஞ்சலில் அனுப்பி வந்தேன். படித்து முடித்ததும் தொலைபேசியில் அழைப்பார். பாராட்டு என்று எதுவும் வராது. நேராகக் கேள்விதான் வரும்.

இந்த ஒருவருக்காக எழுதுவதால் வாக்கியத்துக்குள் என்ன மாறுகிறது என்பதை ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதிக் காட்டினால்தான் விளங்கும். முகமில்லாத கூட்டத்துக்கு என்றால் இப்படி எழுதலாம்: "தமிழகத்தின் வற்றாத ஜீவநதியாம் தாமிரபரணியின் குறுக்கே பண்டைக் காலத்தில் அமைக்கப்பட்ட அணைக்கட்டுகள் இப்பகுதி வேளாண்மைக்கு உறுதுணையாகத் திகழ்கின்றன. எனினும் அண்மைக் காலமாகக் கார் பருவச் சாகுபடி பாதிப்புக்குள்ளாகி வருவது விவசாயிகளைக் கவலையில் ஆழ்த்தியுள்ளது." இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலிருந்து செய்தித்தாள்வரை நம்மைப் பழக்கியிருக்கும் மொழி இது.

அத்தைக்கு என்றால் அதையே இப்படித்தான் எழுத முடியும்: "இந்த வருஷம் காருக்குத் தண்ணீர் விடவில்லை, அத்தை. ஜூன் ஒன்றாம் தேதி திறந்துவிடுவார்கள் என்று நாற்றங்காலுக்கு உழுது போட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பாபநாசம் அணை நிறைந்தால் 143 அடி. அதில் பாதிகூட நிற்கவில்லை. சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடைவரை கால்வாய்க்கரையோடு நடந்தேன். மடைக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், பிசானத்துக்காவது விட்டால் சரி என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்."

இரண்டாவது பகுதியில் 'ஜீவநதி' இல்லை. அதை அத்தையிடம் சொன்னால் அவர் சிரிக்கக்கூட மாட்டார், ஏன் இதை எனக்குச் சொல்கிறாய் என்று விழிப்பார். கார் என்றால் என்ன, பிசானம் எந்த மாதம், மடை எது, மறுகால் எது என்ற விளக்கங்களும் இல்லை. அவை அவர் வளர்ந்த வீட்டின் அன்றாடப் பேச்சு. ஆனால் அணையின் அடிக்கணக்கு இருக்கிறது. சிறுமியாக இருந்த காலத்தில் அவருக்குத் தண்ணீர் கால்வாயில் வரும், அவ்வளவுதான்; அது மேலே எத்தனை அடி நிற்கும்போது எவ்வளவு திறக்கப்படுகிறது என்ற கணக்கெல்லாம் அவர் காதுக்கு வந்ததில்லை. ஒரு மனிதருக்கு எது தெரியும், எது தெரியாது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால், எதை விளக்குவது, எதை விடுவது என்ற முடிவுகள் எல்லாம் வாக்கியத்துக்கு வாக்கியம் தாமாகவே எடுக்கப்பட்டுவிடுகின்றன. நடை என்று பிறர் பிற்பாடு பெயர் சூட்டுவது பெரும்பாலும் இந்த முடிவுகளின் தொகுப்பைத்தான். கூட்டத்துக்கு எழுதுகிறவரால் இந்த முடிவுகளை எடுக்கவே முடிவதில்லை. கூட்டத்தில் எல்லாம் தெரிந்தவரும் இருப்பார், ஒன்றும் தெரியாதவரும் இருப்பார். இருவரையும் இழக்கக் கூடாது என்று பயந்து, இருவருக்குமே பயன்படாத நடுவாந்தரமான மொழியில் போய் நிற்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தில்லியில் வாழ்ந்த கவிஞர் மிர்ஸா காலிப்பின் உருது உரைநடை இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. அவர் காலத்தில் கடிதம் என்றால் பெறுகிறவரின் பட்டங்களையும் புகழையும் பத்தி பத்தியாக அடுக்கிய பிறகே செய்திக்கு வரவேண்டும். கற்றவர்கள் அதைப் பெரும்பாலும் பாரசீகத்தில் எழுதினார்கள். காலிப்பும் வெகுகாலம் பாரசீகத்தில்தான் எழுதினார். வயதான பிறகு நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் உருதுவில் எழுதத் தொடங்கியபோது அந்த முகப்பு அலங்காரங்களையெல்லாம் தள்ளிவிட்டு, ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் எடுத்த எடுப்பிலேயே பேச ஆரம்பித்தார். கடிதத்தை உரையாடலாக மாற்றிவிட்டேன், ஆயிரம் காத தூரத்திலிருந்தும் பேனாவின் நாவால் பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நண்பருக்கு அவரே எழுதியிருக்கிறார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு தில்லி பாழ்பட்டு, நெருங்கியவர்களில் பலர் செத்தும் சிதறியும் போன நாள்களில், அந்தக் கடிதங்கள்தான் அவருக்குத் துணையாக இருந்தன. 1868, 1869 ஆண்டுகளில் தொகுப்புகளாக வெளிவந்த அந்தக் கடிதங்களை நவீன உருது உரைநடையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்கிறார்கள். ஒரு மொழியின் உரைநடைக்கே புதுவழி காட்டியவை, ஒவ்வொன்றும் ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டவை என்பதை நான் மறப்பதில்லை.

அந்த ஒருவர் குழந்தையாகவும் இருக்கலாம். 1893 செப்டம்பர் 4-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் ஊரில் தங்கியிருந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், உடல்நலமில்லாமல் படுக்கையில் இருந்த நோயல் மூர் என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயலின் தாய் ஒருகாலத்தில் பியாட்ரிக்ஸுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்தவர். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நான்கு முயல்குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்று அந்தக் கடிதம் தொடங்குகிறது. வரிகளுக்கு நடுநடுவே பேனாவால் வரைந்த படங்கள். ஒரு வரி, ஒரு படம், மீண்டும் ஒரு வரி என்று, படுத்திருக்கும் குழந்தையின் கண் எவ்வளவு நேரம் எழுத்தில் நிற்கும் என்பதை அளந்து எழுதப்பட்ட கடிதம் அது. நோயல் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தான். சில ஆண்டுகள் கழித்து பியாட்ரிக்ஸ் அதை அவனிடமிருந்து இரவலாகத் திரும்பப் பெற்று, விரித்து எழுதிப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். அளவில் பெரிய புத்தகமாக ஆக்கலாமே என்ற யோசனையும் வந்தது. குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவிலேயே, பெற்றோர் வாங்கக்கூடிய விலையிலேயே அது இருக்கவேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. 1901 டிசம்பரில் தன் சொந்தப் பணத்தில் 250 படிகள் அச்சிட்டுக்கொண்டார். 1902-இல் பிரெடெரிக் வார்ன் நிறுவனம் அதை வெளியிட்டது. அந்த நான்கு குட்டிகளில் ஒன்றான பீட்டர் முயலை இன்று அறியாத நாடு இல்லை. பதிப்பாளர்களின் மறுப்புக்கு எதிரே அவரை நிமிர்ந்து நிற்கவைத்தது என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தக் கதை ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததை அவர் அறிவார். சந்தையைப் பற்றி மற்றவர்கள் சொன்னதெல்லாம் அனுமானம். அவர் கையில் இருந்தது அனுபவம். புத்தகத்தின் அளவுகூட நோயல் போன்ற ஒரு குழந்தையின் கையைப் பார்த்தே முடிவானது.

தமிழில் கடிதமாக எழுதும் மரபு செழிப்பானது. மு. வரதராசன் தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் என்று கடித வடிவில் நூல்கள் எழுதினார். அண்ணா 1955 முதல் தம்பிக்கு எழுதிய கடிதங்களை ஒரு தலைமுறையே வாரந்தோறும் காத்திருந்து படித்தது. இவற்றின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 'தம்பி' என்று அழைத்தவுடன் வாக்கியம் தளர்ந்து, நெருங்கி வந்து உட்கார்ந்துவிடுவதை அந்தப் பக்கங்களில் காணலாம். ஆனால் நான் சொல்வது இதற்குச் சற்று அப்பால் இருக்கிறது. அண்ணாவின் தம்பி ஒருவனல்ல, பல்லாயிரவர். எல்லாருக்கும் பொதுவான அந்தத் தம்பி குறுக்கே பேச மாட்டான், புரியவில்லை என்று புத்தகத்தை மூட மாட்டான், நீங்கள் சொல்வது அப்படியில்லை என்று மறுக்க மாட்டான். உயிரோடிருக்கும் ஒரு வாசகர் இதையெல்லாம் செய்வார். இடைசெவலில் 1923-இல் பிறந்து கூடவே வளர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை நினைத்துப் பாருங்கள். இலக்கியமும் சங்கீதமும் ஊர் வழக்கும் தெரிந்த ஒருவன் எதிரில் இருக்கும்போது பூசி மெழுகி எதையும் எழுதிவிட முடியாது.

என் அத்தையின் கேள்விகள் அப்படிப்பட்டவை. பத்தமடைப் பாயைப் பற்றிய கட்டுரையில், ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, சன்னமாகக் கிழித்து, சாயம் ஏற்றித் தறியில் நெய்வதை வரிசையாக எழுதியிருந்தேன். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இந்த ஊர்ப் பாய் ஒன்று அனுப்பப்பட்டதையும் சேர்த்திருந்தேன். அத்தை அழைத்தார். "எம்மா, ராணிக்கு அனுப்புனதெல்லாம் இருக்கட்டும். பாய் நெய்யுத பொம்பளைக்கு எம்புட்டுக் கூலின்னு நீ எழுதலியே?" என்று கேட்டார். நான் மறுபடியும் பத்தமடைக்குப் போனேன். தறியின் முன் குந்தியிருந்த பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவர் கையை நிறுத்தாமலே, ஒரு பட்டுப்பாய்க்கு எத்தனை வாரம் ஆகும், அந்த வாரங்களில் மூட்டுவலி எந்த அளவுக்கு வரும், கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டுரையின் உயிரான பகுதி அதுதான் என்று படித்தவர்கள் பின்னர் சொன்னார்கள். விசுவாசமான வாசகர் என்றால் எழுதுவதையெல்லாம் புகழ்கிறவர் என்று பலர் கொள்கிறார்கள். கடைசி வரிவரை படித்துவிட்டு, அங்கிருந்து ஒரு கேள்வி கேட்கிறவரைத்தான் நான் அந்தச் சொல்லால் அழைப்பேன்.

ஒருவருக்காகவே எழுதுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது; அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. நேசிக்கிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதும்போது, அவர் மனம் நோகும் உண்மைகளை ஒதுக்கிவிடத் தோன்றும். கால்வாய்ப் படித்துறைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இது என் முன்னால் வந்து நின்றது. அத்தையின் நினைவில் எங்கள் தெருப் படித்துறை என்பது மஞ்சளும் தாழம்பூவும் தைப்பொங்கல் குளியலும். ஆனால் அந்தக் காலத்தில் எந்தச் சாதியார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பதற்கு எழுதப்படாத வரம்பு இருந்தது; ஒழுக்கின் மேற்புறத்தில் ஒரு சாதியும் கீழ்ப்புறத்தில் இன்னொரு சாதியும்தான் குளித்தார்கள். எங்கள் குடும்பம் மேற்புறத்தில் இறங்கியது. இதை விட்டுவிட்டுப் படித்துறையைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். கூட்டத்துக்கு என்றால், 'சாதியக் கட்டுமானத்தின் வெளிப்பாடாக நீர்நிலைகளும் அமைந்திருந்தன' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடலாம். அந்த வாக்கியம் யாரையும் சுடாது. அத்தைக்கு அப்படி எழுத முடியாது. நாம் இறங்கிய படி எது, நம் வீட்டுத் துணி துவைத்தவர் எந்தப் படிக்குப் போகவேண்டியிருந்தது, அவருடைய பிள்ளைகள் எங்கே குளித்தார்கள் என்று இடம் சுட்டித்தான் எழுதவேண்டும். எழுதி அனுப்பினேன்.

வழக்கத்தைவிட நாள் தள்ளித்தான் அழைப்பு வந்தது. அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நீ எழுதுனது சரிதான். இன்னொண்ணும் உண்டு. கோடையில தண்ணி குறையும்போது கீழ்ப்படியில களிமண்ணுதான் கிடக்கும். அவங்க பிள்ளைக நாங்க ஏறி வருத வரைக்கும் கரையில நிக்கும். அதையும் எழுது" என்றார். அறுபது ஆண்டுகளாக அவருக்குள் இருந்த அந்தக் காட்சியை வேறு எந்தக் கேள்வியும் வெளியே கொண்டுவந்திருக்காது. நேசத்துக்குரிய ஒருவரிடம் கசப்பான உண்மையைச் சொல்லும்போது குரல் தணிகிறது, ஆனால் சொல் துல்லியமாகிறது. அந்தத் துல்லியம் எனக்கு வேறு எந்த வழியாகவும் வந்ததில்லை. வாசகரைப் பிரியப்படுத்துவதற்கும் வாசகரை மதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கட்டுரையில்தான் கற்றேன். மதிக்கிறவரிடம் முழுதும் சொல்லியாக வேண்டும்.

அத்தைக்காக எழுதியவற்றை அவரை அறியாதவர்கள் ஏன் படிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ஜன்னலோர இருக்கையில் இருவர் மெய்யாகவே பேசிக்கொண்டு வந்தால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் காதுகொடுப்பார். ஒலிபெருக்கி அறிவிப்புக்கு யாரும் அப்படிக் காதுகொடுப்பதில்லை. விளக்கப்படாமல் விடப்பட்ட சொற்களும் இடைஞ்சலாக இருப்பதில்லை. பிசானம் என்ற சொல்லைக் கேள்விப்படாத சென்னை வாசகர்கூட, அது ஐப்பசி மழையை ஒட்டி வரும் நெற்பருவம் என்பதை அந்த ஆடு மேய்ப்பவரின் பேச்சையும் அடுத்து வரும் பத்திகளையும் கொண்டு ஊகித்துவிடுகிறார். தானாக ஊகித்த சொல் அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

அந்த ஒரு வாசகர் படிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதினார், 196 கடிதங்கள். முதல் கடிதம் நைனி சிறையில், இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளை ஒட்டி எழுதப்பட்டது. எழுதியவை எல்லாம் உடனுக்குடன் அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. பல கடிதங்கள் அவரிடமே சேர்ந்துகொண்டிருந்தன. எழுதுகிறபோது எதிரில் படிப்பவர் யாரும் இல்லை, பதிலும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சரித்திரம் முழுவதும், ஒரு பெண்பிள்ளையிடம் அப்பா பேசும் குரல் அறுபடாமல் நீள்கிறது. கைக்குப் பழகிவிட்ட முகம் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

அத்தைக்கு இப்போது கண் தெரியவில்லை. பெரிய எழுத்தில் அச்செடுத்தும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தும் பயனில்லாமல் போய்விட்டது. பேத்திதான் படித்துக் காட்டுகிறாள். மும்பையில் மராத்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவள். பாட்டிக்குப் படித்துக்காட்டுவதற்காகவே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டவள். ஆகவே என் கட்டுரை இப்போது கண்ணுக்குப் போவதில்லை, ஒரு புது வாசகியின் நாவின் வழியாக ஒரு பழைய வாசகியின் காதுக்குப் போகிறது. இதனால் என் வாக்கியங்கள் மாறிவருகின்றன. நீளமான வாக்கியத்தை நான் விட்டுவிடவில்லை, ஆனால் மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் அது ஒடிந்து திரும்பும்படி பார்த்துக்கொள்கிறேன். புணர்ச்சியில் ஒன்றோடொன்று இறுகிப்போன சொற்களை, அவள் எழுத்துக்கூட்டும்போது தடுக்காதவாறு பிரித்து வைக்கிறேன். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

மடை, மறுகால் போன்ற சொற்களுக்கு அவளுக்காக விளக்கம் சேர்க்கலாமா என்று அத்தையிடமே கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சொல் வரும்போது பேத்தி படிப்பதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்கிறாளாம். அவர் கையால் காற்றில் கால்வாயை வரைந்து, தண்ணீர் எங்கே திரும்பி எந்த வயலுக்குப் போகும் என்று காட்டுகிறாராம். அடுத்ததாக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றின் கடைசி அணைக்கட்டு அது. அதற்குக் கீழே ஆறு கடலுக்குப் போகும் வழியில் எத்தனை ஊர், ஒவ்வொன்றிலும் தண்ணீர் உப்புக்கரிக்கிறதா என்று அத்தை கேட்டிருக்கிறார். அதற்காக வரும் வாரம் புன்னைக்காயல்வரை போகிறேன்.